மின் சிக்கன மாநாட்டுக்கு நான் போட்ட விளக்குகள்

எடமலைப்பட்டி புதூரில், மதுரை ரோட்டுப் பக்கம் முகம் காட்டி நிற்கிற கல்யாண மண்டபம் நான் கட்டியது. நான் வாங்கும்போது அந்த இடம் சீமைக்கருவேலங்காடு. போர் போட்டால் பாறைதான் வரும் என்று ஊரே சொன்னது. முதல் இரண்டு இடத்தில் பாறைதான் வந்தது. மூன்றாவது இடத்தில் தண்ணீர் வந்தது, இன்றுவரை வற்றவில்லை. கடன் கேட்டு பேங்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அஞ்சாவது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு அவர் மகன் கல்யாணமே என் மண்டபத்தில்தான் நடந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் நடுவே தூண் வரக்கூடாது என்றேன், பரிமாறுகிறவன் சுற்றிச் சுற்றி ஓடவேண்டியிருக்கும். இன்ஜினீயர் முடியாது என்றார். வேறு இன்ஜினீயரைக் கூட்டிவந்து முடித்துக் காட்டினேன். மண்டபத்துக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். ஈபி ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது, ஆனால் வாங்கினேன். அதற்கு முன்னால் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் லைட், சவுண்ட் சர்வீஸ் கடை. ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர், கொஞ்சம் டியூப்லைட், நாலு கூம்பு ஸ்பீக்கர். அதிலிருந்துதான் ஸ்ரீரங்கத்தில் வீடு. அதிலிருந்துதான் என் ஒரே மகளின் படிப்பு. அவள் மின்சாரம் படித்தாள். இப்போது கல்லூரியில் அதையே பாடம் நடத்துகிறாள். யாரும் கைகொடுக்கவில்லை. எல்லாம் இந்த இரண்டு கை.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏனென்றால் இதற்குமேல் எழுதப்போவதில் நான் மீசையை முறுக்கிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நான் கட்டிய மண்டபத்தில், நானே வாங்கிப்போட்ட சோபாவில், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன கோடையில் மகள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அப்பா, ஒரு மாநாடு நடத்தணும். காலேஜ் ஆடிட்டோரியத்துல கூரை வேலை நடக்குது. நம்ம மண்டபம் ஒருநாள் கெடைக்குமா?"

"என்ன மாநாடு?"

"மின் சிக்கனம்ப்பா. மில்லு, பட்டறை, ஓட்டல் நடத்துறவங்க, விவசாயிங்க எல்லாரையும் கூப்பிட்டு, இருக்கிற கரண்டை எப்படிக் கொறச்சுச் செலவழிக்கிறதுன்னு சொல்லப்போறோம்."

"இதுக்கு எதுக்கும்மா மாநாடு. சுவிட்சை அணைச்சா ஆச்சு."

"அதைத்தான் யாரும் அணைக்க மாட்டேங்குறாங்களேப்பா."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அவள் தனியாகப் பொறுப்பேற்று நடத்துகிற முதல் மாநாடு அது. அவர்கள் துறையில் மின் சிக்கனத்துக்கென்றே ஒரு மையம் தொடங்குவதாக இருந்தார்கள். மாநாடு நல்லபடியாக நடந்தால் அந்த மையம் அவள் கைக்கு வரும். நல்லபடியாக நடந்தது என்று யார் சொல்வது? வந்தவர்கள் சொல்லவேண்டும். கடைசியில் ஆளுக்கொரு கருத்துப் படிவம் கொடுப்பார்களாம். எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று பேர் போடாமல் எழுதித் தருவார்களாம். மாநாட்டுக்குப் பண உதவி செய்கிற இடத்துக்கு அறிக்கையோடு அதுவும் சேர்ந்து போகும். இதையெல்லாம் அவள் எனக்கு உட்கார்த்திவைத்துச் சொன்னாள். அப்பன் மண்டபத்துக்கு ஆள் பிடிக்கிறாள் என்று துறையில் இரண்டுபேர் முணுமுணுத்ததையும் சொன்னாள். வாடகையே வேண்டாம், போ என்றேன். என் மகளுக்கு நான் செய்யாமல் யார் செய்வது.

மாநாட்டுக்கு முதல்நாள் அவள் மண்டபத்துக்கு வந்து எலெக்ட்ரீஷியனோடு கூடம் முழுக்க நடந்தாள். அந்த எலெக்ட்ரீஷியன் சத்திரத்துக் கடையிலிருந்தே என்னோடு இருக்கிறவர்.

"திரையை எல்லாம் விலக்கிடுங்க அண்ணே, வெளிச்சம் வரட்டும். மேடைக்கு மட்டும் ரெண்டு லைட்டு. ஃபேன் ஓடட்டும், ஏசி இருபத்தாறுக்குக் கீழ போகவே வேண்டாம். சரவிளக்கு, ஃபவுண்டன், வாசல் வளைவு எதுவும் போடாதீங்க. நாளைக்கு இந்த மண்டபமே ஒரு பாடம் மாதிரி இருக்கணும்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். சரிம்மா, சரிம்மா என்றேன். காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

ஏன் போகவில்லை என்று சொல்லவேண்டும். நியாயம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சின்ன வயதில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விளக்குத் தூக்கினவன் நான். தலையில் சும்மாடு, அதன்மேல் பெட்ரோமாக்ஸ். உஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டு எரியும். உச்சந்தலை கொதிக்கும். காரில் மாப்பிள்ளை, முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் நாங்கள். ஊர்வலம் முடிந்ததும் விளக்கை வாங்கி உள்ளே பந்தியில் மாட்டிவிடுவார்கள். விளக்கைத் தூக்கிவந்தவனுக்குக் கொல்லைப்பக்கம் இலை போடுவார்கள், அங்கே வெளிச்சம் இருக்காது. இலையில் என்ன விழுந்தது என்று விரலால் தடவித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இனிப்பு எது, ஊறுகாய் எது என்று வாயில் வைத்த பிறகுதான் புரியும்.

அதனால் என் மண்டபத்தில் ஒரு சட்டம். விசேஷ நாளென்றால் ஒரு மூலைகூட இருட்டாக இருக்கக்கூடாது. பாத்திரம் கழுவுகிற இடத்தில்கூட டியூப்லைட் எரியும். பகலென்ன, ராத்திரியென்ன, வாசல் வளைவில் சீரியல் செட் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு பல்பு கண்ணை மூடியிருந்தாலும் எலெக்ட்ரீஷியன் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மாநாட்டு நாள் காலை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மகள் விடிந்ததுமே வெளியூரிலிருந்து வருகிற பேச்சாளரைக் கூட்டிவர ஜங்ஷனுக்குப் போயிருந்தாள். காரிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். வளைவு அணைந்து கிடந்தது. உள்ளே போனேன். சரவிளக்கு கண்ணாடி மட்டும் தொங்கியது, உயிரில்லை. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் கூடத்தில் பாதிவரை விழுந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அது நல்ல வெளிச்சம்தான். பேப்பர் படிக்கலாம். என் கண்ணுக்கு அது இழவு வீடாகத் தெரிந்தது.

வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கரண்ட் பில் கட்ட வக்கில்லாதவன் மண்டபம் என்றுதானே. அதுவும் என் மகள் நடத்துகிற விசேஷம்.

"எல்லாத்தையும் போடு" என்றேன்.

எலெக்ட்ரீஷியன் நகரவில்லை. "பாப்பா வேணாம்னு சொல்லுச்சுங்க முதலாளி."

"மண்டபம் பாப்பாவோடதா, என்னோடதா?"

"ஒங்களோடதுதாங்க."

"அப்ப போடு."

அவர் சுவிட்ச் போர்டுக்குப் போனார். ஒவ்வொன்றாக எரிந்தது. சரவிளக்கு, சுவரோர விளக்கு, மேடையில் ஃபோகஸ், வாசலில் கலர் தண்ணீர் பீச்சுகிற ஃபவுண்டன், வளைவில் ஓடுகிற சீரியல், நல்வரவு என்று மின்னி மின்னி அணைகிற போர்டு. ஏசியைப் பதினெட்டுக்கு இறக்கச் சொன்னேன். குளிர் வெளியே போகாமல் இருக்கத் திரையை இழுத்து மூடச் சொன்னேன். என் வயிறு குளிர்ந்தது. நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். மகள் வந்து பார்த்தால் அசந்துவிடுவாள் என்று நினைத்தேன். அசந்துதான் போனாள்.

பேச்சாளரோடு அவள் உள்ளே நுழையும்போது கூடத்தில் பாதி நாற்காலி நிரம்பிவிட்டது. மேலே பார்த்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள். என்னிடம் வந்தாள்.

"அப்பா..."

"எப்படிம்மா, ஜொலிக்குதா?"

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் பேச்சாளர் நின்றார், அவளுக்கு மேலே இருக்கிற துறைத் தலைவர் நின்றார். மூடிக்கொண்டாள். நேரே எலெக்ட்ரீஷியனிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவர் அங்கிருந்தபடியே என்னைப் பார்த்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கூடாது என்று தலையை ஆட்டினேன். அவர் கையை இறக்கிவிட்டார். அவள் நான் தலையாட்டியதைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தலையாட்டல்தான். மற்றதெல்லாம் அறியாமல் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதை அறிந்து செய்தேன்.

மாநாடு தொடங்கியது. மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபத்துக்காரர் என்று என்னையும் கூப்பிட்டுப் போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். நான் சவுண்ட் சர்வீஸ்காரன். மைக் கைக்கு வந்தால் லேசில் விடமாட்டேன். கருவேலங்காட்டில் தொடங்கினேன். போர் போட்டதைச் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்தேன்.

"இந்த மண்டபத்துல ஒரே நாள்ல எரியிற கரண்டு இருக்கே, அது ஒரு கிராமத்துக்கே போதும்" என்றேன்.

கூடம் சிரித்தது. பின்வரிசையில் சிலபேர் கைதட்டினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மேடையின் ஓரத்தில் நின்ற மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள், அப்பனைப் புகழ்ந்தால் பெண்பிள்ளைகளுக்குக் கூச்சம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். புகழ்ந்தது யார், நான்தானே. அதுகூட அப்போது உறைக்கவில்லை.

பேச்சாளர் திரையில் படம் போட்டுக் காட்டினார். சரவிளக்கு வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. மேலே இருக்கிற விளக்கை மட்டும் அணைக்க முடியுமா என்று கேட்டார். எலெக்ட்ரீஷியன் மறுபடி என்னைப் பார்த்தார். திரைக்கு மேலே இருந்ததை மட்டும் அணைக்க அனுமதி கொடுத்தேன். அனுமதி என்றுதான் அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் குளிர் ஏறியது. மேடையில் இருந்தவர்கள், போர்த்திய பொன்னாடையை எடுத்து மடித்து வைக்காமல் கழுத்துவரை இழுத்துச் சுற்றிக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் நாற்காலிக்குப் போட்ட வெள்ளைத் துணி உறையைக் கழற்றி முதுகில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கழற்றினார்கள். கல்யாணத்தில் கூட்டம் புழுங்கிப்போய் விசிறிக்கொள்ளும், அதைப் பார்த்துப் பழகினவன் நான். ஏசி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று எனக்குப் பெருமை.

சாப்பாட்டுக்குக் கல்யாண விருந்துதான் போட்டேன். இலைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் விவசாயி என்று சொன்னார். தோளில் துண்டு, அதன்மேல் நாற்காலி உறை. நான் வரிசையை மேற்பார்த்துக்கொண்டு போகும்போது கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு வார்த்தை. ஒங்க ஒருநாள் கரண்டு ஒரு கிராமத்துக்குப் போதும்னீங்கல்ல."

"ஆமாங்க."

"எங்க ஊரு அப்படி ஒண்ணும் பெரிய கிராமம் இல்லீங்க. மோட்டாருக்கு மும்முனை கரண்டு எப்ப வருதுன்னு பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கோம். ஒரு ஒயரைப் போட்டு இழுத்து விட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்."

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒங்களுக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்றேன்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வையுங்க" என்றார்.

சாப்பாடு முடிந்து, மத்தியானப் பேச்சும் முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் மிக நன்று என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். கல்யாணத்துக்குப் போனால் கிளம்பும்போது சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுத்தானே வருவோம், அது மாதிரி.

துறைத் தலைவர் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதிக்கொடுத்த படிவங்களைப் பிரிக்காமல், வேண்டியது வேண்டாதது பார்க்காமல், கலைத்துவிட்டுக் கையில் வந்ததை எல்லோர் முன்னாலும் படிப்பார். "உள்ளே கொண்டுபோய்ப் படிச்சா நல்லதை மட்டும்தான் வெளியே சொல்லத் தோணும்" என்றார். முதல் தாளை எடுத்தார்.

"சாப்பாடு அருமை."

நான் மீசையைத் தடவினேன்.

"பேச்சாளர் சொன்னவை பயனுள்ளவை. திரையில் காட்டியவை தெரியவில்லை."

அடுத்தது. "பொன்னாடைக்குப் பதில் போர்வை கொடுத்திருக்கலாம்." கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"பகல் வெளிச்சத்தில் வாசல் வளைவு எரிந்துகொண்டிருந்தது. அது யாருக்காக?"

"மின்சாரத்தை எப்படி வீணாக்கலாம் என்று மண்டபமே நேரில் செய்து காட்டியது. அதற்கு நன்றி."

"நான் என் பட்டறையை ஒருநாள் மூடிவிட்டு வந்தேன். சிக்கனத்தைப் பேசுகிறவர்களே இப்படி நடத்தினால் நாங்கள் எதை நம்புவது?"

துறைத் தலைவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அதையும் படித்தார். "ஏற்பாடு செய்தவர் இன்னொரு மாநாட்டில் முதல்வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு பிறகு நடத்தட்டும். இது அப்பா மண்டபத்துக்கு விளம்பரம்."

கூடத்தில் சிரிப்பில்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் மைக்குக்கு வந்தாள். "மண்டப ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. விளக்கு, ஏசி எதையும் நான் சரியாகக் கவனிக்கவில்லை. நீங்கள் எழுதியது எல்லாமே சரி. மன்னித்துக்கொள்ளுங்கள்."

எனக்கு முன்னால் டீப்பாயில் இன்னொரு மைக் கிடந்தது. கை நீட்டினால் எட்டும். காலையில் இரண்டு வார்த்தை கேட்டதற்கு விடாமல் பேசினவன் நான். எழுந்து, இது என் வேலைங்க, அவள் அணைக்கச் சொன்னாள், நான்தான் எரியவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்திருக்கவில்லை. வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டேன். அதைத்தான் செய்தேன், வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டேன்.

அப்போது எலெக்ட்ரீஷியன் யாரையும் கேட்காமல் சுவிட்ச் போர்டுக்குப் போனார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. சரவிளக்கு போனது, ஃபோகஸ் போனது, ஏசி நின்றது. ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். சாயங்கால வெயில் உள்ளே வந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய அது போதுமாக இருந்தது. என் முகமும் தெரிந்திருக்கும். நான் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போகும்போது அவள்தான் கார் ஓட்டினாள். சத்திரம் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறினோம். பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"ஏம்மா பேச மாட்டேங்குற?"

"நீங்க தலையாட்டினதை நான் பாத்தேம்ப்பா."

டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அது போகட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "அதை அங்கயே மைக்குல சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? எங்கப்பா சொன்னா கேக்க மாட்டாருன்னா?"

நான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் இல்லாத மணலைத்தான் பார்த்தேன்.

வீட்டில் அவள் அம்மா வாசலிலேயே நின்று கேட்டாள், மாநாடு எப்படி நடந்தது என்று. "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா, எல்லாரும் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு இரண்டுநாளில் மறந்திருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து அவள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மாநாட்டு அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தாள். படித்துக் காட்டச் சொன்னேன். எதுக்குப்பா என்றாள். படி என்றேன். கருத்துப் படிவங்களில் வந்த குறைகள் என்று ஒரு பகுதி. அதில் இப்படி எழுதியிருந்தாள்: "ஏற்பாட்டாளரின் கவனக்குறைவால் அரங்கின் மின்பயன்பாடு மாநாட்டின் நோக்கத்துக்கு எதிராக அமைந்தது."

"ஏற்பாட்டாளர்னா?"

"நான்தாம்ப்பா."

"மண்டபம் பேரு எங்க?"

"ஒரு தனியார் மண்டபம்னு போட்டிருக்கு."

"அந்த மையம்?"

அவள் எழுத்துகளைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "வேற ஒருத்தருக்குப் போகும்னு பேசிக்கிறாங்க. பரவால்லப்பா. எனக்குப் பாடம் நடத்துற வேலையே நெறைய இருக்கு."

பரவாயில்லை என்று சொன்னவள் அதற்குப் பிறகு ஒரே வரியை அழித்து அழித்துத் தட்டினாள்.

அவளிடம் சொல்லாமல் கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். டீ வரவழைத்தார். நான் பழக்கதோஷத்தில் மண்டபம் கட்டிய கதையில் தொடங்கிவிட்டேன். போர் போட்ட இடம் வந்தபோது நானே நிறுத்திக்கொண்டேன்.

"அன்னைக்கு லைட்டெல்லாம் போட்டது நான்தாங்க. என் மக அணைக்கச் சொல்லுச்சு. ரெண்டு தடவ சொல்லுச்சு. நான் விடல" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு ஓரளவு தெரியுங்க ஐயா. விடுங்க, முடிஞ்சுபோச்சு. ஒங்க பேரும் மண்டபம் பேரும் எங்கயும் வரல."

"ஏன் வரல?"

"மேடம்தான் கேட்டுக்கிட்டாங்க. அப்பா பேரு கெட்டுடக் கூடாதுன்னு."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பெட்ரோமாக்ஸ் தலையில் கொதித்தபோதுகூட எனக்கு அப்படிச் சுட்டதில்லை. நான் அவளை வெளிச்சம் போட்டு மறைத்தேன். அவள் என்னைக் காப்பாற்றத் தன் பேரை முன்னால் நிறுத்தியிருக்கிறாள்.

"அறிக்கை போயிருச்சுங்களா?"

"இன்னும் கையெழுத்தாகல. நீங்க சொல்றதை எழுத்துல குடுத்தீங்கன்னா சேக்கலாமான்னு பாக்குறேன். மையத்து விஷயம் என் கையில மட்டும் இல்லீங்க. அதை முன்கூட்டியே சொல்லிடுறேன்."

நேர்மையான ஆள். அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

நடுவில் ஒன்று. நான் திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். பகலில் வளைவைப் போடவேண்டாம் என்று எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். அவர், சரிங்க முதலாளி என்று மட்டும் சொன்னார். அடுத்த முகூர்த்தத்திலேயே பெண்ணைப் பெற்றவர் வந்து, "என்னங்க வாசல் மங்கலா இருக்கு" என்று கேட்டார். என் வாய் நான் தடுப்பதற்குள் போடச் சொல்லிவிட்டது. எரிந்தது. மண்ணச்சநல்லூர்க்காரர் இலைக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. வாசல் பக்கம் போகாமல் சமையல்கட்டிலேயே நின்றுகொண்டேன்.

எழுத்தில் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி போதும் என்று நினைத்தேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, இவ்வளவு வந்துவிட்டது. அந்த நாலு வரி இவைதான். துறைத் தலைவரும், அறிக்கையைப் படிக்கப்போகிறவர்களும், அன்றைக்குக் குளிரில் நாற்காலி உறையைப் போர்த்திக்கொண்டு கருத்து எழுதியவர்களும் இதைக் கேட்கவேண்டும்.

அந்த மண்டபத்தில் முதல் செங்கல் வைத்தது நான் என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறேன். தூண் இல்லாத கூடம் நான். டிரான்ஸ்ஃபார்மர் நான். ஒருத்தருக்கும் அதில் பங்கு கொடுத்ததில்லை. அன்றைக்குப் பகலெல்லாம் எரிந்ததும், இழுத்து மூடிய திரையும், பதினெட்டில் ஓடிய ஏசியும் அதே கையால் நடந்தவை. அதில் மட்டும் என் மகளுக்குப் பங்கு எப்படி வந்தது? ஏற்பாட்டாளரின் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதை அடியுங்கள். ஏற்பாட்டாளர் அணைக்கச் சொன்னார், மண்டபத்து உரிமையாளர் அணைக்க விடவில்லை என்று எழுதுங்கள். தனியார் மண்டபம் என்பதையும் அடியுங்கள். மண்டபத்துக்குப் பேர் இருக்கிறது, வாசலில் நானே எழுதிவைத்திருக்கிறேன். உரிமையாளருக்கும் பேர் இருக்கிறது. அந்த இடத்தில் அதைப் போடுங்கள்.